மூன்றே முக்கால்

லாபிஸ் ரயில் கேட்டைத் தாண்டி
தவுக்கே லிம்மின் பழைய இரும்புக் கடை.
மழைநீர் தேங்கிய ரிம்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு கொசுக் குடும்பம்.
தண்ணீரைக் கொட்டிவிட்டு,
பின்விளிம்பின் குறுக்கே மட்டக்கட்டையை வைத்து
டேப்பை உள்ளே இறக்குகிறேன்,
ஹப்பில் உட்காரும் முகம் வரை.
பேக்ஸ்பேசிங் என்று தவுக்கே சொல்வதை
நோட்டில் நான் பின்னிடம் என்று எழுதுவேன்.
எண்ணெய்க் கைக்குச் சுலபம்.

என் பழைய ரிம் ஐந்தரை அங்குலம்.
ஓடியவரை அதில் குறையில்லை.
குறை பிரேக்கில்.
போன மாதம் பதினாலாம் பிளாக் இறக்கத்தில்
பின்னால் ஒன்றேமுக்கால் டன் செம்பனைக் குலை,
காலடியில் பஞ்சாக ஒரு பெடல்.
மண்மேட்டில் முட்டி நின்றது காடி.
குலைகளுக்கு மேலிருந்து இறங்கிய ரஃபீக்
ஒன்றும் சொல்லாமல்
செருப்பைத் தேடினான்.

சீட்டை ஏலத்தில் தள்ளி எடுத்து
பெரிய கேலிப்பர் வாங்கினேன்.
நாலு பிஸ்டன், இளநீர்க்காய் பருமன்.
பொருத்திவிட்டுப் பழைய ரிம்மை மாட்டினால்
சக்கரம் அசையவில்லை.
நிற்பதில் இனி ஒரு குறையும் இல்லை,
கிளம்பத்தான் மாட்டேன் என்கிறது.

தவநேசன்
(காடியில் பாதி அவனுடையது,
கடனில் முக்கால் என்னுடையது)
மூன்று அங்குல ரிம் ஒன்றை உருட்டி வந்தான்.
குரோம்.
இதைப் போடு, நண்டு மாதிரி காலைப் பரப்பி நிற்கும்,
பாசார் மாலாமில் எல்லாரும் பார்ப்பார்கள் என்றான்.
பார்ப்பார்கள். ஜேபிஜேக்காரர்களும் பார்ப்பார்கள்.
சக்கரம் வெளியே தள்ளத் தள்ள
பாரம் பேரிங்கின் கழுத்தில்.
வேர் தட்டும்போதெல்லாம்
ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும்.
முழுசாய் ஒடித்தால் டயர் மட்கார்டைத் தின்னும்.
மாதம் ஒரு பேரிங் நீ வாங்குவாயா?
அவன் சட்டை நுனியால்
குரோமைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நாலரையை மாட்டினேன். சுற்றியது.
காதை வைத்தால் உள்ளே ஒரு சன்ன உரசல்,
சோற்றில் கல் கடிபடுகிற சத்தம்.
விரல் போகாத, வெளிச்சமும் போகாத இடம்.
எதை வைத்து அளக்க?

எதிர் மாமாக் கடையில்
ரொட்டிச் சானாய் மாவு ஓர் உருண்டை கேட்டேன்.
சுடாமலா என்றார் ஜமாலுதீன்.
சுடாமல்.
பருப்பா, மீன்கறியா?
பிரேக்குக்கு என்றேன்.

கேலிப்பரின் முதுகில் மாவை அப்பி,
ரிம்மை ஏற்றி, நட்டை இறுக்கி, ஒரு சுற்று.
கழற்றினேன்.
மாவை வழித்து எடுத்துப் போயிருந்தது நாலரை.
அடியில் இரும்பு பல்லைக் காட்டியது.

கடைசியாக மூன்றே முக்கால்.
மங்கிய கறுப்பு, ஒரு பக்கம் துரு.
ஒன்று எண்பது வெள்ளி என்றார் தவுக்கே.
துருவுக்குப் பத்து கழித்தேன்.
இந்த முறை மாவு நசுங்கியது, ஆனால் நின்றது.
பிளேடால் ஒரு துண்டு வெட்டி
ஐம்பது சென் காசுகளோடு சேர்த்துப் பிடித்தேன்.
மூன்று காசு கனம்.

ஒன்றரை வெள்ளி இடத்துக்கா
ஒரு நாள் முழுக்க என்றான் தவநேசன்.
சூடு ஏறினால் பிரேக் கொஞ்சம் உப்பும்.
சேறு வந்து காய்ந்து உட்காரும்.
செம்மண் பாதையின் பொடிக்கல் ஒன்று
உள்ளே போனால்
வெளியே வரவும் அதற்கு வழி வேண்டும்.
இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை.
ஜாக்கியை இறக்கு என்றேன்.

மறுநாள் பதினாலாம் பிளாக்.
குலை ஏற்றியாயிற்று, ரஃபீக் ஏறவில்லை.
செருப்பைக் கையில் பிடித்தபடி
பாதையோரம் நின்றான்.

பாதி இறக்கத்தில் மிதித்தேன். நின்றது.
விட்டு மறுபடி மிதித்தேன்.
நின்றது.
வேண்டுமென்றே இன்னொரு தடவை.

கீழே போய்ச் சேர்ந்தபோது
கேலிப்பர் இடுக்கில் மிச்சமிருந்த மாவு
பிரேக் சூட்டில் வெந்து
முன்சக்கரம் இரண்டிலும் ரொட்டி வாசம்.
நடந்தே இறங்கி வந்த ரஃபீக்
குனிந்து ஒரு தடவை மோந்தான்.
பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு
குலைமேல் ஏறினான்.